பொருள் எண் நாற்பத்தேழின் தலைமுடி

நம்புகிறவர்கள் உட்கார்ந்து கேட்கலாம், நம்பாதவர்கள் வாசலில் நின்றுகொண்டாவது கேட்கலாம், இரண்டு பேருக்கும் கதை ஒன்றுதான்: தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாவட்டத் தலைநகரின் அருங்காட்சியகத்தில், பழங்குடியினர் கூடம் என்று பலகை மாட்டிய நீளமான அறையில், நூற்று நாற்பது வருடமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் மொட்டைத் தலையோடு கண்ணை மூடிக்கொண்டிருந்த பொருள் எண் நாற்பத்தேழுக்கு முடி முளைத்திருந்தது.

பொருள் எண் நாற்பத்தேழு என்பது ஒரு பெண்ணின் தலை. ஊர் ஊராகப் போய் மனிதர்களை அளந்துகொண்டு திரிந்த வெள்ளைக்கார துரை ஒருவர், ஏரிக்கரையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் இருளர் பெண்ணைப் பிடித்து உட்காரவைத்து, முடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, முகத்தின்மேல் பிளாஸ்டரை ஊற்றி அச்செடுத்து, அந்த அச்சில் வார்த்த தலை அது. கழுத்துக்குக் கீழே அவள் அவருக்குத் தேவைப்படவில்லை. பெட்டியின் அடியில் ஒரு சீட்டு இருந்தது: 'இருளர் பெண். வயது சுமார் இருபத்தைந்து. மந்தமான, அடங்கிப்போகும் இயல்பினர் என்பதை முகத்தின் உறக்க பாவத்தில் காண்க.' பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருடா வருடம் வரிசையாக வந்து கண்டுவிட்டு, மறக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டும் போனார்கள்.

முடியை முதலில் பார்த்தது காப்பாட்சியர் ஞானசிகாமணி. ஓய்வுபெற ஏழு மாதமே இருக்கிற மனிதருக்கு எந்த அதிசயமும் கொஞ்சம் அதிகப்படிதான். அவர் கத்தவில்லை, ஓடவில்லை. அலமாரியைத் திறந்து பழைய பதிவேட்டை எடுத்து, மூக்கின் நீளம், காதின் அகலம், தாடையின் சுற்றளவு என்று துரை கைப்பட எழுதிவைத்த வரிகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, முடி என்ற சொல் எங்கேயும் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் பூங்காவனத்தைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீங்க எதாவது ஒட்டினீங்களா?"

"நான் ஒட்டலைங்க சார்."

பூங்காவனம் பெட்டியைத் திறந்து, இரண்டு விரலால் ஒரு முடியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தாள். தலை அசைந்ததே தவிர முடி வரவில்லை.

"வேர் இருக்குது சார்," என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு, பதிவேட்டை மூடி, இரண்டு டீ சொல்லி அனுப்பினார்.

பூங்காவனம் யார் என்று சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தாலுகாவில் கன்னிமேடு என்ற இருளர் குடியிருப்பில் பிறந்தவள். அங்கிருந்து அரசு ஓவியக் கல்லூரிக்குப் போய்ச் சிற்பம் படித்த முதல் பெண். படிப்பு முடித்த பத்து வருடமாகச் சென்னையில் சினிமாவுக்குச் செட்டுப் பொருள் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவள். கதாநாயகன் காட்டில் வழிதவறினால் அவனைக் கம்பத்தில் கட்டிவைத்து, நெருப்பைச் சுற்றி, அர்த்தமில்லாத சத்தம் போட்டு ஆடுகிற ஒரு கூட்டம் வருமே, அந்தக் கூட்டத்துக்கான மண்டையோடு, எலும்பு மாலை, இறகுக் கிரீடம், நாக்கை நீட்டிய சாமி எல்லாவற்றையும் தெர்மாகோலிலும் பிளாஸ்டரிலும் செய்தது அவள் கைதான். கன்னிமேட்டில் ஒருவரும் ஒரு நாளும் எலும்பை மாலையாகப் போட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும். சம்பளம் வந்தது, வாங்கிக்கொண்டாள்.

இப்போது அருங்காட்சியகம் கூடத்தைப் புதுப்பிக்கிறது. அந்தச் சமூகத்திலிருந்தே ஒரு கலைஞர் செய்தால் நன்றாயிருக்கும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றி, பாம்பு பிடிக்கும் இருளர் குடும்பம் ஒன்றை ஆளுயரத்தில் செய்துதரச் சொல்லி அவளை ஒப்பந்தத்தில் கூட்டிவந்திருந்தார்கள். பிடித்துப்போனால் அங்கேயே நிரந்தர வேலை. அவள் அந்த வேலைக்கு வெட்கமில்லாமல் ஆசைப்பட்டாள்: சொந்த ஊருக்குப் பக்கத்தில், சொந்தப் பெயர் எழுதிய ஒரு மேஜை.

அன்று மத்தியானம் அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா தேசம்மா அரிசி ஆலைக் களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள்.

"நம்ம பொம்பள தலை ஒண்ணு இங்க இருக்குதுன்னு சொன்னேனே ம்மா, அதுக்கு முடி மொளச்சிருக்குது."

"எம்மா நீளம்?"

"காதுக்குக் கீழ வந்துடுச்சி."

"எண்ணெ வெச்சியா?"

"வெக்கலியே ம்மா."

"இன்னாடி நீ! செவ்வாக்கெழமையும் அதுவுமா மொளச்ச முடிக்கு ஒரு சொட்டு எண்ணெ வெக்காம வேடிக்க பாத்துக்கினு கீறியா?" என்று திட்டிவிட்டு தேசம்மா போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அன்று காலை எட்டரை மணிக்கெல்லாம் கன்னிமேட்டிலிருந்து ஒன்பது பெண்கள், தேசம்மா முன்னால் நடக்க, எண்ணெய்ப் பாட்டிலும் பேன்சீப்பும் சாம்பிராணிக் கரண்டியுமாக வாசலில் வந்து நின்றார்கள். ஞானசிகாமணி பூட்டைத் திறந்தார். 'பொருட்களைத் தொடாதீர்' என்ற பலகை அவருக்கு நினைவுக்கு வந்தது. கொஞ்சம் யோசித்து, அந்தப் பலகைக்கு முன்னாலேயே போய் நின்றுகொண்டார். நல்ல அகலமான மனிதர். பலகை மறைந்தது.

எண்ணெய் வைப்பதற்கு முன்னால் ஒரு சிக்கல் வந்தது. முறை தெரியாமல் ஒருத்தி தலையில் எப்படிக் கை வைப்பது?

"நூத்தி நாப்பது வருசம்னா பாட்டிக்குப் பாட்டி," என்றாள் ஒருத்தி.

"பாட்டின்னு கூப்ட்டா கோச்சிக்குவா, மூஞ்சியப் பாரு," என்றாள் சின்னக்கன்னி. கன்னிமேட்டில் அவள் குரலுக்கு மேல் குரல் கிடையாது. "எம் மருமவ வயசுகூட இல்ல. கல்யாணமாச்சோ ஆவலியோ, ஆருக்குத் தெரியும்?"

அரைமணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் நாற்பது தாண்டியவர்கள் 'பொண்ணே' என்பது, அதற்குக் கீழே உள்ளவர்கள் 'அக்கா' என்பது, அவளாக வாயைத் திறந்து வேறு முறை சொல்லும்வரை இதுவே நடப்பு என்று தீர்மானமானது. பூங்காவனம் தன் பங்குக்கு ஒன்றே ஒன்று சொன்னாள்: பிளாஸ்டர் தண்ணீர் தாங்காது, அதனால் சீயக்காய் கூடாது, எண்ணெயும் சீப்பும் சாம்பிராணிப் புகையும் மட்டும்தான். "தலைக்கு ஊத்தாம எண்ணெ மட்டுமா?" என்று எல்லோருக்கும் மனத்தாங்கல்தான்; ஆனாலும் படித்த பெண் சொல்கிறாள் என்று விட்டுக்கொடுத்தார்கள். தேசம்மா தலையை மடியில் வைத்து வகிடு எடுத்தாள். அந்தப் பழைய அறையில் முதல்முறையாகச் சாம்பிராணி வாசனை வந்தது.

அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் அவர்கள் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா வாரவில்லை, வாருகிறபோது பேசாமல் எந்தப் பெண்ணாலும் இருக்க முடியாது. யாருக்குச் சாதிச் சான்றிதழ் கொடுக்காமல் இழுத்தடிக்கிறார்கள், யார் வீட்டுக் கூரை போன புயலில் போனது, சின்னக்கன்னியின் இரண்டாவது பேரன் யார் ஜாடை என்று எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார்கள். அவளும் கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அவர்கள் பேசுகிறபோது முடி நெகிழ்ந்து கிடக்கும், வாரம் ஒரு முழமாக வளரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து அந்தச் சீட்டை உரக்கப் படித்தால் மட்டும் சிக்கு விழுந்து உருண்டை உருண்டையாகச் சுருட்டிக்கொள்ளும், பிறகு அந்தச் சிக்கை எடுக்க தேசம்மாவுக்கு ஒரு முழுக் காலை ஆகும்.

ஊரும் பழகிக்கொண்டது. வாசலில் பூக்காரி தினம் ஒரு முழம் கனகாம்பரம் எடுத்துவைத்தாள். சீப்பு விற்கிறவர் ஒருவர் கேட்டுக்கு வெளியே கடை போட்டார். வங்கி மேலாளர் ஒருவர் தொப்பியோடு வந்து, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, அது என்ன எண்ணெய் என்று ரகசியமாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

தொலைக்காட்சிக்காரர்கள் வராமல் இருப்பார்களா, வந்தார்கள். வந்த இளைஞன் பெண்களை மேலும் கீழும் பார்த்து முகம் சுளித்தான். ஐந்து பேர் நைலக்ஸ் புடவை, மூன்று பேர் நைட்டிமேல் துண்டு, ஒருத்தி கழுத்தில் ரேஷன் கடை சாவி.

"இப்டி இருந்தா யாரும்மா நம்புவாங்க? ஒரிஜினலா வேணும். யாராவது கையில பாம்பு வெச்சிருக்கீங்களா?"

"எலெக்சன் அட்டதான் கீது, வேணுமா?" என்றாள் சின்னக்கன்னி.

அவன் சலிக்காமல் வண்டியிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினான். வாடகைக்கு எடுத்த உடைகள்: இலைப் பாவாடை, இறகுக் கிரீடம், எலும்பு மாலை. பூங்காவனம் ஒரு மாலையைக் கையில் எடுத்தாள். நடு எலும்பைத் திருப்பினாள். பிளாஸ்டர் காய்வதற்கு முன்னால் அழுத்திய கட்டைவிரல் ரேகை அதில் இருந்தது. அவளுடைய ரேகை. பத்து வருடமாகத் தான் செய்து அனுப்பியது எங்கேயோ போய்த் தொலைந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது சுற்றிச் சுற்றி வந்து அவள் அம்மாவின் கழுத்தைத் தேடுகிறது. அவளுக்குக் காது வரை சுட்டது.

"இது நான் செஞ்சதுங்க. பொய். அந்த ஜனம் எங்கயும் கெடையாது," என்று சொல்லி மூட்டையை அவன் வண்டியிலேயே கொண்டுபோய்ப் போட்டாள். அவன் போய்விட்டான். ஆனால் அன்று மாலைச் செய்தியில், பூட்டிய பெட்டிக்குள் தொங்கும் கூந்தலும், பின்னணியில் உடுக்கைச் சத்தமும், 'ஆதிவாசி மாந்திரீகமா?' என்று கேள்விக்குறி போட்ட சிவப்பு எழுத்தும் வந்தன. அந்தத் தலைக்கு உரியவளைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை.

செய்தியைப் பார்த்த மேலிடம் விழித்துக்கொண்டது. மூன்றாம் நாள் உத்தரவு வந்தது: பொருள் எண் நாற்பத்தேழைப் பதிவேட்டில் கண்ட நிலைக்குக் கொண்டுவரவும்; வளர்ச்சியை நீக்கி, மறுபடி வளராதபடி வார்னிஷ் பூசவும்; மாசி மகத்துக்கு முன் முடிக்கவும்; பணியை ஒப்பந்தக் கலைஞர் செய்வார்; பணி திருப்தியாக இருந்தால் அவரது நிரந்தர நியமனம் பரிசீலிக்கப்படும். ஞானசிகாமணி அதை இரண்டு முறை படித்துக்காட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

பூங்காவனம் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். எங்கே வெட்டத் தொடங்குவது என்று பார்ப்பதற்காகத் தலையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இத்தனை நாள் முடியைத்தான் பார்த்திருந்தாள். இப்போது முகத்தைப் பார்த்தாள், மகள் முகத்தையோ தங்கை முகத்தையோ பார்ப்பதுபோல அல்ல, அச்செடுக்கிறவள் பார்க்கிற பார்வையில் பார்த்தாள்.

பட்டறையில் எத்தனையோ நடிகர்களின் முகத்தை அவள் அச்செடுத்திருக்கிறாள். புருவத்துக்கு வாஸ்லைன் தடவ வேண்டும், இல்லாவிட்டால் முடியோடு பிய்த்துக்கொண்டு வரும். மூக்கில் உறிஞ்சுகுழல் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் ஆளிடம் சொல்லிவிட வேண்டும்: பிளாஸ்டர் இறுகுகிறபோது சூடாகும், பயப்படாதீங்க, நெருப்பு இல்லை, ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். சொல்லாவிட்டால் முகமே வேகிறது என்று பதறிவிடுவார்கள். பதறினால் புருவங்கள் நடுவில் சேர்ந்து ஒரு மடிப்பு விழும், அது அச்சிலும் விழுந்துவிடும், அப்புறம் அதைத் தேய்த்து எடுப்பது பெரும் பாடு.

அந்த மடிப்பு அங்கே இருந்தது. நெற்றி நடுவில், நகம் நுழைகிற ஆழத்துக்கு.

இவளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. கண் மூடியிருப்பது தூக்கம் இல்லை, கண்ணுக்குள் சாந்து போகாமல் இருக்க இறுக்கிக்கொண்டது. முகத்தை யாரோ எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கத்தினால் வாய்க்குள் போகும் என்பதால் கத்தவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். அதைத்தான் மந்தம் என்று எழுதி, நூற்று நாற்பது வருடமாகப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறார்கள். பூங்காவனம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். தானும் ஒரு தடவை அந்தச் சீட்டைப் படித்து நோட்டில் எழுதியவள்தான் என்பது நினைவுக்கு வந்து இன்னும் அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு காப்பாட்சியரின் அறைக்குப் போனாள்.

"என்னால வெட்ட முடியாது சார்."

"தெரியும்மா." அவர் உத்தரவை மேஜையில் விரித்து வைத்திருந்தார். "காலையிலேருந்து இதையேதான் பாத்துட்டு இருக்கேன். பதிவேட்டுல இருக்கிற மாதிரி ஒண்ணு இந்தப் பெட்டிக்குள்ள இருக்கணும், அவ்வளவுதான் இதுல இருக்கு. எந்த ஒண்ணுன்னு இல்ல."

முப்பத்திரண்டு வருட அரசுப்பணியில் அவர் செய்த முதல் குறும்பு அது. காது சிவந்துவிட்டது மனிதருக்கு.

நகல் செய்வது பூங்காவனத்துக்கு ஒரு நாள் வேலை. ஆனால் நகல் வேண்டுமென்றால் அச்சு வேண்டும், அச்சு வேண்டுமென்றால் அந்த முகத்தின்மேல் இன்னொரு தடவை பிளாஸ்டர் ஊற்ற வேண்டும். துரை செய்ததையே அவளும் செய்ய வேண்டும். பெண்களிடம் விஷயத்தைச் சொல்லி, செய்யலாமா என்று கேட்டாள். தேசம்மாதான் சொன்னாள்:

"எங்கள இன்னாத்துக்குக் கேக்கற? அவளக் கேளு."

அப்படித்தான், மாசி மகத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை, பூங்காவனம் தலையை மேஜைமேல் சாய்த்துவைத்து, முகத்துக்கு நேராக முகம் வைத்துப் பேசினாள். முடியைத் துணியால் கட்டவில்லை. ஒன்பது பெண்கள் ஆளுக்கு ஒரு கற்றையாகக் கையில் ஏந்திக்கொண்டு சுற்றி நின்றார்கள். புருவத்துக்கு வாஸ்லைன் தடவினாள். ஒட்டாமல் இருக்க முகம் முழுக்கச் சோப்புக் கரைசல் பூசினாள். மூச்சே விடாத பிளாஸ்டர் மூக்கில் இரண்டு உறிஞ்சுகுழலை வைத்தாள். அது தேவையா என்று யாரும் கேட்கவில்லை.

"அக்கா, இப்ப ஊத்தப் போறேன். மொதல்ல குளிரா இருக்கும். அப்பறம் சுடும், நெருப்பு இல்லக்கா, அது அப்பிடித்தான். அஞ்சே நிமிசம். இது முடிஞ்சா வீட்டுக்குப் போயிறலாம். வேணாம்னா சொல்லிடு, விட்டுடறேன்." பட்டறைப் பழக்கத்தில், எல்லா நடிகர்களிடமும் கடைசியாகச் சொல்வதையும் சொல்லிவிட்டாள்: "பயமா இருந்தா எங் கையப் புடிச்சிக்கோ."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் தேசம்மாவின் கையிலிருந்த கற்றை மெல்ல நழுவி, மேஜைமேல் ஊர்ந்து வந்து, பூங்காவனத்தின் இடது மணிக்கட்டை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. அவள் ஒற்றைக் கையால் ஊற்றினாள். சூடு ஏற ஏற அந்தப் பிடி இறுகியது, கை மரத்துப்போகிற அளவுக்கு இறுகியது, சின்னக்கன்னி இருந்த இடத்திலிருந்து "ஆச்சும்மா, ஆச்சும்மா, இதோ ஆச்சு" என்று பிரசவம் பார்க்கிறவளைப்போலச் சொல்லிக்கொண்டே இருந்தாள், தேசம்மா இன்னொரு கற்றையைத் தடவிக்கொண்டே இருந்தாள், பிறகு சூடு தணிந்தது, பிடியும் தளர்ந்தது.

அச்சைக் கழற்றியபோது முகம் அப்படியே இருந்தது. நெற்றி மடிப்பு மட்டும் இல்லை.

அச்சில் வார்த்த நகலிலும் அது இல்லை. ஞானசிகாமணி அளவுகோலும் பதிவேடுமாக உட்கார்ந்து, துரை எழுதிய இருபத்தாறு அளவுகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். மூக்கு சரி, காது சரி, தாடை சரி. மடிப்பைப் பற்றி அதில் எந்த வரியும் இல்லாததால் அதையும் சரி என்றே கணக்கில் கொண்டார். மொட்டைத் தலை பெட்டிக்குள் போனது. பழைய சீட்டை எடுத்துவிட்டு பூங்காவனம் புதிதாக ஒன்று எழுதி வைத்தாள்: 'இந்தப் பெண் கண்ணை மூடியது, பிளாஸ்டர் உள்ளே போகாமல் இருப்பதற்காக.' பாம்புக் குடும்பத்தை அவள் செய்யவே இல்லை. அதற்குப் பதிலாக ஒருத்தி தலையை ஒருத்தி வாருகிற ஒன்பது பெண்களைக் களிமண்ணில் செய்துவைத்தாள், நைட்டியும் துண்டும் சாவியுமாக. மேலிடத்துக் குழு வந்து பார்த்தது. "பாம்பு எங்கே?" என்று தலைவர் கேட்டார். இல்லை என்றாள். அந்த மேஜை அவளுக்குக் கிடைக்கவில்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலை பெண்கள் வந்து பூங்காவனத்தையும் அந்த அக்காவையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். தலைக்கு இறுகப் பின்னி, கனகாம்பரம் வைத்து, நெற்றியில் பொட்டு வைத்திருந்தார்கள். துணி போட்டு மூடலாமா என்று ஒருத்தி கேட்டதற்கு, "மூடுனது போதும்" என்று தேசம்மா ஒரே சொல்லில் முடித்தாள். நகரப் பேருந்தில் நல்ல கூட்டம். பூங்காவனத்துக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தலையை மடியில், வெளியே பார்க்கிறபடி வைத்துக்கொண்டாள். முழங்காலைத் தாண்டித் தொங்கிய பின்னலை அடுத்த சீட்டிலிருந்த யாரோ ஒரு கல்லூரிப் பெண் மிதிபடாமல் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நடத்துநர் நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்தார். "லேடீஸ் ஃப்ரீ, எத்தன பேரும்மா? எங்க?"

"கன்னிமேடு," என்றாள் பூங்காவனம். குனிந்து மடியைப் பார்த்தாள். "பதினோரு பேரு."

செக்கிங் ஏறினால் அவர் வேலைக்கு ஆபத்து. அதனால் எண்ணாமல் கொடுக்க மாட்டார். பேனாவை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டே வந்தார். தேசம்மா, சின்னக்கன்னி, நின்றிருந்த ஐந்து பேர், பின் சீட்டில் இரண்டு பேர், பூங்காவனம். பத்து. பேனா அவள் மடிக்கு மேல் வந்து நின்றது. பெண்கள் பத்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் அந்த முகத்தைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், பின்னல் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தார்.

"பதினொண்ணு," என்று சொல்லி, பதினோரு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "உள்ள போ, உள்ள போ" என்று அடுத்த ஆளிடம் போனார்.

பூங்காவனம் சீட்டுகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். கடைசிச் சீட்டை தேசம்மா வாங்கி, தொலைந்துவிடாமல் நான்காக மடித்து, மடியிலிருந்தவளின் பின்னலில் பூவுக்குக் கீழே செருகிவைத்தாள்.